அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஒரு கொலை வேண்டும்

எங்கள் ஊர் வாசகர் வட்ட நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதக் கூட்டத்தில் ஆளுக்கொரு பிடித்த நாவல் சொல்லச் சொன்னீர்கள். என் முறை வந்தபோது சுஜாதாவின் துப்பறியும் நாவல் ‘நைலான் கயிறு’ என்றேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொருவர், “அது சரி, இலக்கியத்தில் எது பிடிக்கும்?” என்றார். அங்கே எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தும்போதுதான் வந்தது. அதனால் இந்த மடல்.

மாதம் ஒரு நாவல் என்று நீங்கள் போடும் பட்டியல்மேல் எனக்குப் புகார் இல்லை. அதில் இருந்ததால்தான் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைக் கையில் எடுத்தேன். ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கல்யாணக் கதையைச் சொல்லும் இடம் வந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் நாவல் படிக்கும் பழக்கமே எனக்கு வாடகை நூல் நிலையத்தில்தான் வந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்தெடுத்து, தைத்து, தடி அட்டை போட்டு வைத்திருப்பார்கள். கதைக்கு நடுவே பல்பொடி விளம்பரம் வரும், ஜோக் வரும், ‘கொலைகாரன் டிரைவர்தான்’ என்று எவனோ ஒரு புண்ணியவான் பென்சிலில் எழுதியதும் வரும். அப்படி ஒரு பைண்டில் கடைசித் தாள் இல்லை. ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறை முழுக்க அதையே புரட்டிப் புரட்டி நாலு முடிவு எழுதிப் பார்த்தேன். யார் என்ன சொன்னார்கள் என்பதைவிட எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பார்க்க அப்போது பழகினேன். இருபத்திரண்டு வயதில் நூறு பக்கம் தாண்ட முடியாத தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை நாற்பதில் மூன்றே இரவில் படித்தபோது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. அதன் நாயகி யமுனா வாயைத் திறக்காத இடங்களில்தானே கதையே இருக்கிறது!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாத நாவல்கள் சில நூறு படித்திருப்பேன். பத்துக்குமேல் கதை ஞாபகமில்லை. க்ரைம் கதைக்காரர் ராஜேஷ்குமார் 1,500க்கும் மேல் எழுதியிருக்கிறார், அத்தனையும் ஒரே தரம் என்று வாதாட நான் வரவில்லை. பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப்பில் தொங்கும் புத்தகத்தைக் கோவையில் வாங்கி ஏறினால் ஈரோட்டில் முடிந்துவிடும். அதற்காகத்தான் வாங்கினேன், வாங்கிய காசுக்கு அது உழைத்தது.

எனக்கு உறுத்துவது வேறு. பிடித்தது எது என்று கேட்டுவிட்டு, சொன்ன பிறகு திருத்துகிறீர்களே, அதுதான். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலில், கல்கி தொடராக எழுதிய ‘சிவகாமியின் சபத’த்தைக் கிண்டலடிக்கும் இடத்தில் நானும்தான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதே சிவகாமிக்காக மூக்கைச் சிந்தியவனும் நான்தான். இரண்டுக்கும் நடுவே பத்து வருஷம் இடைவெளிகூட இல்லை. அப்புறம், நம் பட்டியலில் முதலில் இருக்கும் ‘குற்றமும் தண்டனையும்’ 1866இல் ஒரு ருஷ்யப் பத்திரிகையில் தொடராக வந்ததுதான். அதில் கோடாலி உண்டு, கொலை உண்டு, சந்தேகத்துக்கு ஆளானவனைப் பேச்சாலேயே சுற்றிவளைக்கும் விசாரணை அதிகாரியும் உண்டு.

அடுத்த ஆண்டுக்குப் பன்னிரண்டு நாவல் தேர்ந்தெடுக்கும்போது ஒரு மாதத்தைத் துப்பறியும் கதைக்கு ஒதுக்குங்கள். ஒரு மாறுதலுக்காக, சிரித்துவிட்டுப் போக என்று வேண்டாம். ‘தண்ணீர்’ நாவலை வரி வரியாகப் பேசினோம் அல்லவா, அதே கறாருடன் ‘நைலான் கயிறு’ நாவலையும் பேசுவோம். அந்தக் கறாருக்கு நாவல் தாங்கவில்லை என்றால் என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கடைசித் தாள் இல்லாத அந்த பைண்ட் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நூல் நிலையத்தை மூடியபோது எடைக்குப் போட்டார்கள், வாங்கிவிட்டேன். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். உங்களில் யாருக்காவது முடிவு தெரிந்திருந்தால் தயவுசெய்து சொல்லிவிட வேண்டாம்.

அன்புடன்,
பின்வரிசை நாற்காலிக்காரன்