கூரையைக் கடைசியில் வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெர்சிடிஸ் சி.எல்.எஸ். காருக்கு வாரிசாக வாசகர்கள் கற்பனை செய்து அனுப்பிய நான்கு கதவு கூபே (பின்னோக்கிச் சரியும் தாழ்ந்த கூரையுள்ள கார்) படங்களைச் சென்ற இதழில் பார்த்தேன். கோடு போடும் கைகள் தேர்ந்த கைகள்தான். ஆனால் ஒரு படத்தில்கூடப் பின்சீட்டில் ஆள் உட்கார முடியாது. எல்லாரும் கூரையின் வளைவை முதலில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் கதவையும் கண்ணாடியையும் செருகியிருக்கிறார்கள். இந்த வகைக் காரில் கூரைதான் கடைசி வேலை.

முதல் சி.எல்.எஸ்.ஸையே எடுத்துக்கொள்வோம். 2003இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் மாதிரியாக வந்து, 2004இல் விற்பனைக்கு வந்த கார். அடித்தளம் மெர்சிடிஸின் ஈ-கிளாஸ் செடானுடையது, வீல்பேஸும் (முன், பின் சக்கர மையங்களின் இடைவெளி) அதே 2,854 மி.மீ. நீளம் சுமார் 10 செ.மீ. கூடியது, உயரம் 5 செ.மீ. போலக் குறைந்தது. அந்த 5 செ.மீ.க்கு விலையாகப் போனது பின்சீட்டின் மூன்றாவது ஆள். இரண்டே பேர் என்றால் சீட்டுகளை நடுப்பக்கம் தள்ளலாம். கூரையின் ஓரம் சரிகிற இடத்திலிருந்து தலை விலகிவிடும். மெத்தையையும் குழித்து இறக்கலாம். சி.எல்.எஸ். கூபேயில் 2018இல் வந்த மூன்றாம் தலைமுறையில்தான் ஐந்தாவது இருக்கை சேர்ந்தது. கூரையைத் தாழ்த்தும் யோசனையே பழையதுதான். ரோவர் பி5 காரின் கூரையை இரண்டரை அங்குலம் இறக்கி 1962லேயே நான்கு கதவோடு கூபே என்று விற்றார்கள்.

வரையத் தொடங்க வேண்டியது டயரிலிருந்து. 255/40 ஆர்19 டயரின் விட்டம் 687 மி.மீ. வீல்பேஸ் 2,950 என்று வைத்தால், முன் டயருக்கும் பின் டயருக்கும் இடையே இன்னும் மூன்றேகால் டயர் அடங்க வேண்டும். பிரசுரமான படங்களில் இரண்டரைதான் அடங்குகிறது. அப்படியானால் டயர் விட்டம் 840ஐத் தாண்டும். பெரிய எஸ்.யு.வி.க்களுக்கே 800ஐ ஒட்டித்தான் இருக்கும். அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு இடம் விட்டால் பின்கதவின் கீழ்ப்பாதியை அதுவே தின்றுவிடும்.

அடுத்தது, முன் சக்கர மையத்துக்கும் முன்கதவின் விளிம்புக்கும் உள்ள தூரம். நீள பானெட்டின் கம்பீரமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. எஞ்சின் நீளவாக்கில் இருந்து பின்சக்கரம் தள்ளும் அடித்தளத்தில் இது தாராளமாகக் கிடைக்கும். செங்கல்பட்டு அருகே மகிந்திரா சிட்டியில் பொருத்தப்படும் பி.எம்.டபிள்யூ. 2 சீரிஸ் கிரான் கூபேயில் எஞ்சின் குறுக்குவாக்கில் இருக்கிறது, இழுப்பது முன்சக்கரம். அதனால் கதவு சக்கரத்தை நெருங்கி வந்து, மூக்கு முன்னால் தொங்குவதுபோல் தெரியும். விளக்கையும் கிரில்லையும் எத்தனை முறை மாற்றி வரைந்தாலும் இந்தக் குறை மறையாது.

பிறகு பின்பயணியின் இடுப்பு மூட்டுப் புள்ளியைக் குறியுங்கள். அங்கிருந்து செங்குத்துக்கு 8 பாகை பின்சாய்வாக ஒரு கோடு இழுத்து, அது உட்கூரைத் துணியைத் தொடும் வரை அளந்து, 102 மி.மீ. கூட்டுங்கள். துறையில் தலையிடம் அளப்பது இப்படித்தான். விடை 950க்கு வெகுவாகக் கீழே போனால் ஆறடி ஆளின் தலை இடிக்கும். துணிக்கு மேலே குறுக்குச் சட்டத்துக்கும் தகட்டுக்கும் குறைந்தது 40 மி.மீ. விடவேண்டும், சன்ரூஃப் என்றால் இன்னும் அதிகம். கூரைக்கோடு இதற்கு மேலேதான் போக முடியும்.

அப்படியானால் கூபே தோற்றம் எங்கிருந்து வரும்? ஜன்னலிலிருந்து! கூரையின் உண்மையான உச்சியை மெதுவாக இறக்கிவிட்டு, ஜன்னல் கண்ணாடியின் மேல்விளிம்பை மட்டும் வேகமாகச் சரிய விடுவார்கள். குரோம் பட்டையும் அந்தச் சரிவோடே ஓடும். கண் அதைத்தான் கூரை என்று நம்பும். பிரசுரமான படங்களில் ஒருவர்கூட இந்த வித்தையைக் கையாளவில்லை.

பின்கதவு தனி அவஸ்தை. இரண்டு கதவு 8 சீரிஸை நான்கு கதவாக்க பி.எம்.டபிள்யூ. வீல்பேஸை 201 மி.மீ. நீட்டி, உயரத்தை 61 மி.மீ. கூட்டியது. வெறுமனே இன்னொரு கதவு வெட்டினால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கண்ணாடி கதவுக்குள் இறங்க வேண்டும். கீழே சக்கர வளைவு தடுத்தால் கண்ணாடியைப் பிரித்து, பின் மூலையில் அசையாத முக்கோணத் துண்டு வைத்தாக வேண்டும்.

கண்ணாடியைச் சுற்றிச் சட்டமில்லாக் கதவு அழகுதான், பராமரிப்பு வேறு கதை. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சில மி.மீ. இறங்கி, மூடியதும் ஏறி ரப்பர் பீடிங்கில் பதியும். பாட்டரி தீர்ந்தால் இறங்காது. அந்த நேரத்தில் வலிந்து திறந்தால் பீடிங் கிழியும். பாட்டரியைக் கழற்றி மாட்டினால் மேல் எல்லையை மறந்துவிடும். கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில நொடி பிடித்துக் கற்பிக்க வேண்டும். வேகத்தில் வெளிக்காற்றழுத்தம் குறைந்து கண்ணாடி வெளிப்பக்கம் இழுபடுவதால் இரைச்சல் வரும். மருந்து, இரட்டை அடுக்குக் கண்ணாடி. எடை கூடும்.

மின்சாரக் கார் என்றால் தரைக்கடியில் பாட்டரி வந்து எல்லாவற்றையும் மேலே தள்ளும். 2025இல் வந்த மெர்சிடிஸ் சி.எல்.ஏ. முந்தையதைவிடச் சுமார் 3 செ.மீ. உயர்ந்தது இதனால்தான். போர்ஷே டைகானில் பின்பயணியின் பாதத்துக்காகப் பாட்டரியிலேயே குழி விட்டிருக்கிறார்கள். உயரத்தைக் கூட்டாமல் தப்ப எனக்குத் தெரிந்து இதுவே நல்ல வழி.

அடுத்த முறை படம் கேட்கும்போது, 1:10 அளவில் பக்கத்தோற்றம், டயர் அளவு, வீல்பேஸ், உள்ளே உட்கார்ந்த ஆளின் உருவம், பின்கதவு முழுதாகத் திறந்த நிலையில் ஒரு படம் இவற்றையும் கட்டாயமாக்குங்கள். வரும் படங்கள் பாதியாகக் குறையலாம், பரவாயில்லை.

இப்படிக்கு,
வாகன வடிவமைப்புத் துறை வாசகர்,
கோவை.