நாங்கள் கேட்டது பூச்சிமருந்து அல்ல: தேயிலைத் தோட்ட மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் லைன் வீடுகளுக்குக் கரப்பான்பூச்சி மருந்தடிக்க ஆள் அனுப்பினீர்கள். நாங்கள் கொடுத்த மனுவுக்கு இதுவாவது நடந்ததே என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் நாங்கள் கேட்டது மருந்து இல்லை ஐயா. கூரை ஒழுகலை அடைத்து, சுவர் விரிசலைப் பூசித் தரச் சொல்லித்தான் கேட்டோம்.

மருந்தடித்த அன்று ராத்திரி என் மகளுக்கு இளைப்பு கூடிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்று அம்மா தோளில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிற பிள்ளை அவள். அன்றைக்கு அதுவும் இல்லை. மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே இழுக்கிறது, சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேச வரவில்லை. அந்நேரத்தில் கோத்தகிரிக்குப் பஸ் ஏது? தெரிந்தவரிடம் கெஞ்சி ஜீப் பிடித்துப் போய், நெபுலைசர் வைத்த பிறகுதான் தெளிந்தாள். விடிந்ததும் அவள் அம்மா நேராக இலை எடுக்கப் போனாள். போகாவிட்டால் அன்றைய சம்பளம் என்னாகும் என்று உங்களுக்கே தெரியும்.

மலைக்குளிர்தான் காரணம் என்கிறது உங்கள் அலுவலகம். குளிரிலும் இளைப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் கரப்பானின் எச்சம், எச்சில், உரித்த தோல் எல்லாம் தூசியோடு மூச்சில் ஏறினாலும் ஒவ்வாமை வரும் என்று டாக்டர் சொன்னார். பூச்சி செத்தாலும் அந்தத் தூசி மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடக்குமாம். மருந்து நெடியோ இளைப்பை இன்னும் கிளறிவிடும். கரப்பான் தீனி இல்லாமல் வாரக்கணக்கில் கிடக்கும், தண்ணீர் இல்லாமல் அத்தனை நாள் தாங்காது. அந்தத் தண்ணீரைத்தான் உங்கள் கூரை ஊற்றிக்கொண்டிருக்கிறது.

ஃபேக்டரியில் தேயிலைத் தூளின் ஈரம் மூன்று சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினாலே எவ்வளவு பதைப்பு! தூளுக்கு இருக்கும் அந்தஸ்து இலை எடுப்பவள் பிள்ளைக்கு இல்லை போலும். பங்களாவுக்குப் பெயிண்ட் அடிக்க மட்டும் ஆள் தட்டுப்பாடே வருவதில்லை. சரி, அதை விடுங்கள்.

தொழிலாளிக்கு வீடு கொடுப்பதோடு அதைப் பராமரிப்பதும் நிர்வாகத்தின் கடமை என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஐப்பசி மழைக்குள் ஒழுகலை அடைத்து, விரிசலைப் பூசித் தாருங்கள். அப்புறமும் கரப்பான் மிஞ்சினால் இடுக்கில் பொட்டுப் பொட்டாக வைக்கும் ஜெல் மருந்து போதும். அடித்தே தீர வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லுங்கள், பிள்ளைகளை வேறு வீட்டில் விட்டுவைக்கிறோம். கொத்தனார் எந்தத் தேதியில் வருவார் என்று எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லைன் வீட்டில் குடியிருக்கும் ஒரு தொழிலாளி,
கோத்தகிரி