நிறமில்லாத பொருளும் ஒளியை உறிஞ்சும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அறிவியல் பக்கத்தில் நிறங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன், ஆனால் பெர்மாங்கனேட் கரைசல் ஊதா ஒளியை உறிஞ்சுவதால்தான் ஊதாவாகத் தெரிகிறது என்ற வரியில் நின்றுவிட்டேன். நேர் தலைகீழ். அது விழுங்குவது பச்சையை, 525 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி. பச்சை போனபின் மிஞ்சும் சிவப்பும் நீலமும் சேர்ந்துதான் கண்ணுக்கு ஊதாவாகப் படுகிறது.

சரி, கைதவறிய பிழை என்று அதை விட்டுவிடலாம். நிறமற்ற பொருள்கள் ஒளியை உறிஞ்சுவதே இல்லை என்று முடித்திருக்கிறீர்களே, அதைத்தான் விட மனமில்லை. பென்சீன் பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், ஆனால் 254 நானோமீட்டர் பக்கம் புற ஊதாவை உறிஞ்சும். நம் கண் சுமார் 400க்குக் கீழே பார்ப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மாணவனாக இருந்தபோது நானே இதில் மாட்டியிருக்கிறேன். பென்சீனின் நிறமாலையை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடத்தை எடுக்கப் போய், கரைசலை ஊற்றி வைக்கும் சிறு குப்பியான குவார்ட்ஸ் கியூவெட்டுக்குப் பதில் கண்ணாடிக் கியூவெட்டை வைத்துவிட்டேன். 300க்குக் கீழே கோடு சுவர் மாதிரி ஏறி நின்றது. கரைசலை மூன்று தடவை நீர்க்கச் செய்து பார்த்தும் அசையவில்லை, அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் உறிஞ்சியது கண்ணாடி! குவார்ட்ஸை வைத்ததும் பென்சீனுக்கே உரிய முகடுகள் விரல்கள் மாதிரி வரிசையாக வந்தன.

மூலக்கூறு எந்த ஒளியை எடுத்துக்கொள்ளும் என்பது அதன் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளியைப் பொறுத்தது. எத்திலீனில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு, இடைவெளி பெரிது, அதனால் அலைநீளம் குறைந்த, ஆற்றல் மிகுந்த ஒளி, 170ஐ ஒட்டிய புற ஊதா வேண்டும். பியூட்டாடையீனில் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு இரட்டைப் பிணைப்புகள், இடைவெளி சுருங்கி உடனே 217க்கு வந்துவிடுகிறது. பீட்டா கரோட்டீனில் அப்படிப் பதினொன்று தொடர்ந்து வருவதால் 450 பக்கம், அதாவது நீலத்தையே உறிஞ்சி ஆரஞ்சாகத் தெரிகிறது. எத்திலீனில் நடப்பதும் இதே வேலைதான், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது.

அப்புறம் அந்தப் படம். உறிஞ்சலை மெல்லிய ஒற்றைக் கோடாக வரைந்திருக்கிறார்கள். அணுக்களுக்கு அது பொருந்தும். கரைசலில் இருக்கும் மூலக்கூறுகள் அதிர்ந்துகொண்டும் கரைப்பானோடு இடித்துக்கொண்டும் இருப்பதால் அங்கே வருவது அகலமான மேடு. படத்தை மாற்ற இடமில்லை என்றால் பரவாயில்லை, நிறமற்ற பொருள்கள் பற்றிய வரிக்காவது அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
வேதியியல் கற்பிக்கும் வாசகர்