பதினான்கு துண்டுகளும் ஓர் ஊசி மெத்தையும்

கான்பெரா,
ஆடி மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீயும் அப்பாவும் தம்பியும் நலமா?

தினமும்தான் போனில் பேசுகிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று கேட்பாய். இதோடு ஒரு சின்னப் பொட்டலமும் வருகிறது, அதற்காகத்தான். உள்ளே இருப்பதை வீடியோவில் காட்டியிருந்தால் "நல்லாருக்குடி" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாய். எனக்கு அது போதாது. நீ அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். தையலை நகத்தால் நெருடிப் பார்க்க வேண்டும்.

ஊரில் ஆடிக்காற்று அடிக்கிற இந்த நேரத்தில் இங்கே உறைபனி. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவினது போல வெளுத்துக் கிடக்கிறது. சில நாள் மைனஸ் 5 வரை இறங்குகிறது. கார் கண்ணாடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட்டுத்தான் அவர் வேலைக்குக் கிளம்புகிறார். மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும், அவர் திரும்பி வர 7 மணி. முதல் வருடம் அந்த இரண்டு மணி நேரம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நம் தெருவில் அந்நேரம் உன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். இங்கே ஹீட்டர் இரையும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று சொன்னேனே, அவர்தான் என்னை அதிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவந்தார். பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார், எனக்குத்தான் வாய் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போன ஒரு நாள், மடியில் ஒட்டுத்துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய, ஆறு பக்கம் உள்ள துண்டு. தேனடை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி ஓடியது. எனக்கு உடனே நம் வீட்டுத் துணிப்பை ஞாபகம் வந்தது.

நான் விமானம் ஏறும்போது குத்துவிளக்கு அடிபடாமல் இருக்க, பை நிறைய வெட்டுத்துணியைச் சுற்றித் திணித்தாய் இல்லையா? விளக்கை எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்தேன். துணியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. மூன்று வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அன்று ராத்திரி கொட்டிப் பார்த்தேன். டீச்சரம்மாவின் அரக்கு ஜாக்கெட், எதிர் வீட்டு அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குத் தைத்த மாம்பழ மஞ்சள், உன் நீலச் சுங்குடி, என் பள்ளிக்கூடத் தாவணி. தரையில் பரப்பினால் நம் தெருவே உட்கார்ந்திருந்தது.

அந்தத் துணியில் ஊசி குத்தி வைக்க ஒரு மெத்தை தைத்தேன். இனி அந்த வேலையைச் சொல்கிறேன், உனக்கு இதுதான் ருசிக்கும்.

முதலில் கெட்டித் தாளில் ஆறுகோணம் வெட்ட வேண்டும். பக்கம் அரை அங்குலம். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், மயிரிழை பிசகினாலும் கடைசியில் பூ ஒன்று சேராது. துணியைச் சுற்றிலும் கால் அங்குலம் கூட விட்டு வெட்டி, தாளின் மேல் மடக்கிக் கச்சாத் தையல் போட வேண்டும். பிறகு இரண்டு துண்டை முகத்தோடு முகம் வைத்து, ஓரத்தில் இரண்டே இழையை எடுத்துத் தைக்க வேண்டும். ஊசி தாளைத் தொடக் கூடாது. அரை அங்குலப் பக்கத்துக்கு ஏழெட்டுத் தையல் விழும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, ஆக ஒரு பூவுக்கு 7 துண்டு, 12 மூட்டு. மேலே ஒரு பூ, கீழே ஒரு பூ. மூட்டெல்லாம் முடிந்ததும் இஸ்திரி போட்டுத் தாளை உருவிவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் இந்தத் தாளுக்குப் பழைய கடிதம், கணக்குப் புத்தகம் என்று கைக்குக் கிடைத்ததை வெட்டுவார்களாம். தாளை உருவாமல் பாதியில் நின்றுபோன வேலைகள் அப்படியே கிடைத்திருக்கின்றன, அதில் உள்ள எழுத்தை வைத்து எந்தக் காலத்துத் தையல் என்று கண்டுபிடிக்கிறார்கள். பாட்டி இதைச் சொன்னபோது உன் கடிதங்கள் இருக்கும் டப்பாவைப் பார்த்தேன். அதில் கத்தரிக்கோல் வைக்க என்னால் முடியவில்லை. கடை விளம்பரத் தாளில்தான் வெட்டினேன்.

முதலில் தைத்தது வீணாய்ப் போயிற்று. பளபளப்பாக இருக்கிறதே என்று பாலியஸ்டர் பட்டுத் துண்டுகளை எடுத்தேன், ஓரமெல்லாம் பிசிறு பிசிறாய் வந்து கையோடு வழுக்கியது. "பருத்தின்னா சொன்ன பேச்சு கேக்கும்" என்று நீ சொல்வாயே, அது அப்போதுதான் புரிந்தது. அத்தனையும் பிரித்துப் போட்டுவிட்டு, சுங்குடியும் சாதாப் பருத்தியுமாகத் திரும்பத் தொடங்கினேன். 14 துண்டு, மூன்று வாரம்.

உள்ளே என்ன அடைப்பது என்பதில் பாட்டிக்கு மாற்றுப் பேச்சே கிடையாது. ஆட்டு ரோமம்தான். அவர் பிறந்தது யாஸ் பக்கத்து ஆட்டுப் பண்ணையில். இந்தப் பக்கமெல்லாம் மெல்லிய ரோமத்துக்குப் பேர்போன மெரினோ ஆட்டுச் சீமை. சிட்னி போகிற வழியில் கோல்பர்னில் 15 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட்டில் ஓர் ஆட்டுக்கடா நிற்கிறது, போட்டோ அனுப்பினேனே, அதே ஆடுதான். ரோமத்தில் இயற்கையாகவே ஒரு பிசுக்கு உண்டு, லனோலின் என்கிறார்கள். ஊசியைக் குத்தி வைத்தால் அந்தப் பிசுக்கு ஏறித் துருப்பிடிக்காது. பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு ஊசியைக் கறுக்கவைத்துவிடும். ரொம்பவும் அலசினால் பிசுக்கு போய்விடும் என்பதால் லேசாக அலசிக் காயவைத்த ரோமத்தை ஒரு பை நிறையக் கொடுத்தார். மோந்து பார், மெல்லிய ஆட்டு வாசம் இருக்கும்.

முன்பெல்லாம் தலைமுடியை அடைத்தும் செய்வார்களாம், அதிலும் எண்ணெய்ப் பசை இருப்பதால். அப்பத்தா சீவி உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைக்கும், சவுரிமுடிக்காரர் வந்தால் எடுத்துக் கொடுக்கும். அதைச் சொன்னேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்றார்.

இரண்டு பூவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தைச் சுற்றித் தைக்கும்போது 18 பக்கம் வரும். உள்ளடங்கும் மூலைகளில்தான் கை திணறும். கடைசி இரண்டு பக்கத்தை விட்டு, அந்த வழியாகக் கரண்டிக் காம்பால் ரோமத்தைத் திணித்தேன். கல்லு மாதிரி இறுகும்வரை திணிக்க வேண்டும், இல்லாவிட்டால் குத்தின ஊசி ஆடும். பிறகு மூடி, நடுவில் இரட்டை நூல் கோத்து இழுத்துப் பொத்தான் வைத்தேன்.

அம்மா, இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊர்த் தேசியக் கலைக்கூடத்தில் ஓர் ஒட்டுத்துணிப் போர்வை இருக்கிறது. 1841 ஏப்ரலில் லண்டன் வுல்விச்சிலிருந்து 'ராஜா' என்ற கப்பல் 180 பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டுக்குக் கிளம்பியது. சிறைச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரை தொடங்கிய சங்கத்தின் பெண்கள் அந்தக் கைதிகளுக்கு ஊசி, நூல், விரலில் மாட்டும் அங்குஸ்தான், கத்தரிக்கோல், ஒட்டுப்போடத் துண்டுத்துணி எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் கடலில். ஜூலையில் கரை சேரும்போது 2,815 துண்டுகளால் ஆன போர்வையை முடித்திருந்தார்கள். தங்களுக்கு உதவிய பெண்களுக்கு நன்றி சொல்லி, அதில் எழுத்தையும் தைத்திருக்கிறார்கள். நலிந்த துணி என்பதால் அடிக்கடி வெளியே வைப்பதில்லை, நான் படத்தில்தான் பார்த்தேன். பூப்போட்ட சீட்டித் துணி நிறைய. இங்கிலாந்துக்காரர்களுக்குச் சீட்டி மேல் ஆசை வந்ததே நம் நாட்டிலிருந்து, அதிலும் சோழமண்டலக் கரையிலிருந்து போன துணியால்தான். திரும்பிப் போக முடியுமா என்று தெரியாமல் அந்தப் பெண்கள் கப்பலில் உட்கார்ந்து ஊசி கோத்ததை நினைத்துக்கொண்டே அன்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். எனக்குப் போனும் விமானமும் இருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இப்போது பொட்டலத்தைப் பிரி. இது உன் ஊசிகளுக்கு. நீ ஊசியைக் காலண்டரில் குத்துவாய், ஜாக்கெட் தோளில் குத்துவாய், வேலை மும்முரத்தில் உதட்டில் கவ்விக்கொள்வாய். தம்பி காலில் ஊசி ஏறின அன்று நீ அழுத அழுகை எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்குப் பிறகு ஒரு ஊசி குறைந்தாலும் யாரையும் நடக்கவிடாமல், பழைய ரேடியோவின் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுப்பாய். இனி எல்லாவற்றையும் இதில் குத்து. உதட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

என்னை நீ ஊசியே தொடவிடவில்லை. "என் கண்ணு போனது போதும், நீ படி" என்று மெஷின் பக்கம் வந்தாலே விரட்டுவாய். படித்தேன், இவ்வளவு தூரம் வந்தேன். இந்த ஒன்றில் மட்டும் உன் பேச்சை மீறிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பகல் வெளிச்சத்திலும் நல்ல விளக்கடியிலும்தான் தைக்கிறேன். கீழ்ப் பூவில் இரண்டு மூட்டு கோணலாக இருக்கும், உன் கண்ணுக்குத் தப்பாது. பிரித்துத் தைத்துவிடாதே, அப்படியே இருக்கட்டும்.

அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை தவறாமல் கொடு. சின்னம்மா மகன் செப்டம்பரில் வருவதாகச் சொன்னான், அவன் கையில் ஒரு பை வெட்டுத்துணி கொடுத்தனுப்பு. பருத்தி மட்டும்.

ஒரு சந்தேகம். மேல் பூவில் பொத்தானுக்கு இடப்பக்கம் உள்ள துண்டைப் பார். பச்சை அடி, வெள்ளைச் சுங்குடிப் புள்ளி, ஓரத்தில் கொஞ்சம் சாயம் இறங்கியிருக்கும். மற்ற பதின்மூன்றும் யாருடையது என்று எனக்குத் தெரியும். இது மட்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. யாருடைய ஜாக்கெட் அம்மா அது? போனில் சொல்லாதே, எழுது.

அன்பு மகள்