குழாய்த் தண்ணீரும் நியாயமும்

ஆசிரியருக்கு,

நியாயம் எல்லோருக்கும் ஒன்றே என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். 2018 பிப்ரவரி வரை நானும் அப்படித்தான் நம்பினேன். தமிழகத்துக்குக் கர்நாடகம் ஆண்டுதோறும் விட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் 2007-இல் சொன்ன 192 டி.எம்.சி. தண்ணீரை (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்த அன்று, பெங்களூரு அல்சூர் வீட்டில் உட்கார்ந்து “அநியாயம்” என்று கொதித்தேன். எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவர் அதையே “தர்மம்” என்றார். தீர்ப்பை இருவருமே படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்குப் பூர்வீகம் தஞ்சை. வயலை விற்று முப்பது ஆண்டாகிறது. கோபத்தை மட்டும் விற்கவில்லை.

குறைத்த 14.75-இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர், வீட்டு உபயோகத்துக்கு என்பது பல நாள் கழித்துத்தான் உறைத்தது. கொதித்துக்கொண்டே அன்று நான் குடித்த காப்பியும் காவிரித் தண்ணீரில் போட்டதுதான்!

கருத்தை மாற்றிக்கொண்டேனா என்றால், இல்லை. குறைத்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்கு அறம் என்று பெயர் சூட்டத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு