கை மறக்கல மணியம்

டேய் மணியம்,

நல்லாருக்கியா. உன் மெசேஜ் வந்து நாளாச்சு, அம்மாவ பாத்துக்கறதுலயே பொழுது ஓடிடுது, அதான் பதில் போடல கோச்சுக்காத. சின்னவளுக்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில வேல கெடச்சிருக்கு, இங்க ஆயர் ஈத்தாம்ல இருந்து மோட்டார்ல தான் போறா, மழையில தான் பயமா இருக்கு. உன் பேரன் நடக்க ஆரம்பிச்சிட்டானா?

சரி நீ கேட்டதுக்கு வர்றேன். ஞாபகம் மூளையில எங்க பதியுது எப்படி பதியுதுன்னு டாக்டருங்களே சொல்லிடுறாங்க, இனிமே தத்துவம் பேசுறவனுக்கு இதுல என்ன வேலன்னு கேட்டிருந்தே. அம்மாவுக்கு இப்படி மறதி வந்ததுல இருந்து நான் ரெண்டு பக்கமும் தான் படிச்சிட்டு கெடக்கேன், ஒன்ன விட்டா இன்னொன்னு நொண்டுது லா.

ஜான் லாக்னு ஒரு இங்கிலீஷ் தத்துவக்காரர், 1694ல தன்னோட புத்தகத்த மறுபடி போடறப்ப புதுசா ஒரு அத்தியாயம் சேத்தாரு. அன்னிக்கு செஞ்சது நான் தான்னு இன்னிக்கு எனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சா தான் அன்னிக்கு இருந்தவனும் நானும் ஒரே ஆளாம். படிச்சப்ப எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. எங்கம்மா இன்னும் ரப்பர் எஸ்டேட்ல பால் வெட்டுற நெனப்புல என்ன பாத்து "தம்பி நீங்க எந்த டிவிஷன்"னு கேக்குறாங்க, அப்ப அவங்க என்ன பெத்தவங்க இல்லையா, என்ன பேச்சு இது. நல்லவேளை 1785ல தாமஸ் ரீட்னு இன்னொரு தத்துவக்காரர் லாக்க நல்லா மடக்கிட்டாரு. ஒரு பையன் தோட்டத்துல பழம் திருடி அடி வாங்குறான் (ஆமா டா, ரம்புத்தான் கேஸ்ல நீ வாங்கின மாதிரியே), வளந்து ஆபிசர் ஆகி சண்டையில எதிரி கொடிய புடுங்குறான், அப்ப அந்த அடி ஞாபகம் இருக்கு, கெழவனாகி ஜெனரல் ஆனப்ப கொடி ஞாபகம் இருக்கு, அடி சுத்தமா மறந்துபோச்சு. லாக் கணக்குப்படி ஜெனரலும் ஆபிசரும் ஒரே ஆளு, ஆபிசரும் பையனும் ஒரே ஆளு, ஆனா ஜெனரலும் பையனும் வேற வேற ஆளு! இது எங்கயாவது உதைக்காம இருக்குமா.

ஆனா ரெண்டு பேருக்கும் தெரியாத ஒன்னு இருந்துச்சு, அதுக்கு 1953 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. அமெரிக்காவுல ஹென்ரி மோலைசன்னு 27 வயசு ஆளு, வலிப்பு நிக்கணும்னு மூளைக்கு ரெண்டு பக்கமும் இருக்குற, ஞாபகத்த பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ்ங்கிற எடத்துல பெரும்பகுதிய வெட்டி எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் புதுசா எது நடந்தாலும் அவர் மனசுல தங்கல. பிரெண்டா மில்னர்னு ஒரு மூளை ஆராய்ச்சிக்காரங்க அந்த ஆள கண்ணாடியில பாத்துக்கிட்டே நட்சத்திரம் வரைய வச்சாங்க, நாளுக்கு நாள் கோடு சுத்தமா வருது, ஆனா கேட்டா இத நான் முன்ன செஞ்சதே இல்லன்னு சொல்றாரு. அதாவது நடந்தத சொல்ற ஞாபகம் வேற, கை பழகுற ஞாபகம் வேற, மூளையில ரெண்டும் ஒரே எடத்த நம்பி இல்ல.

இத நான் வீட்லயே பாக்குறேன் டா. மைலோ கலக்க கப்ப எடுத்தா அம்மா அத வாங்கி உள்பக்கம் ரெண்டு விரல விட்டு ஒரு சுத்து சுத்தி தொடச்சிட்டு தான் நிமித்தி வைக்கிறாங்க. ரப்பர் பால் புடிக்கிற மங்கு தொடைக்கிறாங்க டா. சோபா ஓரத்துல பிரிஞ்ச நூல மெதுவா அறுந்துடாம இழுக்குறாங்க, மரத்துல காஞ்சு ஒட்டின ஒட்டுப்பால் உரிக்கிற அதே இழுப்பு. கங்காணி பேரு, எஸ்டேட் பேரு, எம்பேரு எதுவும் இல்ல, சுங்கை பட்டாணி பக்கம் வெட்டின அந்த ரப்பர் மர நிரை மட்டும் விரல்ல இருக்கு. லாக் தேடினது சொல்ல முடிஞ்ச ஞாபகத்துல மட்டும் தான், அதான் எங்கம்மா அவர் கணக்குல வரல. ஆனா இத அந்த அறிவியல் மட்டும் தனியா சொல்லாது பாத்துக்க, அது கை வேற எடம்னு சொல்லும், அந்தக் கையில அம்மா இருக்காங்களான்னு கேக்குறது தத்துவம்.

இன்னொன்னு, இது உனக்கு. 2000ல நியூயார்க்ல எலிய வச்சு ஒரு சோதனை. ஒரு சத்தம் கேட்டா ஷாக் வரும்னு பழக்கி, மறுபடி அந்த சத்தத்த போட்டு நினைவுபடுத்தி, உடனே மூளையில பயத்த பாத்துக்கற அமிக்டலாங்கிற எடத்துல புரதம் உண்டாகறத தடுக்குற மருந்த செலுத்துனாங்க. அப்புறம் அந்த எலிங்க பழையபடி பயப்படல. நினைவுபடுத்தாம மருந்த மட்டும் குடுத்தா பயம் அப்படியே இருக்கு. அப்ப எடுத்துப் பாக்குற நேரத்துல ஞாபகம் எளகிப்போய் திரும்ப கெட்டியாகுது, மீன் கொழம்ப ஒவ்வொரு தடவ சுட வைக்கிறப்பவும் ருசி மாறுற மாதிரி. நம்ம பழைய இந்திய தத்துவத்துல நியாய தரிசனக்காரங்க நேர்ல பாக்குறது, ஊகிக்கிறது, ஒப்பிடுறது, நம்பகமானவன் சொல்றதுன்னு நாலத்தான் பிரமாணமா, அதாவது உண்மைய தெரிஞ்சுக்கற வழியா வச்சாங்க, ஞாபகத்த சேக்கவே இல்ல, அது பழைய அனுபவம் விட்டுட்டுப் போன தடத்துல இருந்து தானே வருது, புதுசா என்னத்த காட்டுதுன்னுட்டாங்க. அந்தத் தடமே எளகும்ங்கிறது எலி சொன்ன பாதி.

அதனால ரம்புத்தான் கேஸ்ல ரெண்டு பிரம்படி உன் வாயில பத்தடி ஆனத நான் பொய்னு சொல்லல, நீ தான் எல்லா கல்யாணத்துலயும் அத சுட வைக்கிறியே. உங்கண்ணன கேட்டுப்பாரு, நம்பகமான ஆளு சொன்னா பிரமாணம். ஆனா அவரும் ஞாபகத்துல இருந்து தானே சொல்லணும்... இதுக்கு என்ன பண்றதுன்னு நீயே எழுது.

தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்கு வர்றதுன்னா முன்னாடியே சொல்லு, ரூம ஒழிச்சு வைக்கிறேன். தங்கச்சிய கேட்டதா சொல்லு.

செல்வா