ஏற்காடு கோடை விழாவுல கல்லு எறியறதுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கமுங்க.

ஏற்காடு கோடை விழான்னா மலர் கண்காட்சி, நாய் கண்காட்சி, படகுப் போட்டின்னு வருஷா வருஷம் உங்க பேப்பர்ல போட்டோ போட்டு அசத்துறீங்க, நல்ல விஷயம். ஆனா அந்த விழாவுலயும் சரி, நம்ம மாவட்டத்துல நடக்கற மத்த விளையாட்டு விழாவுலயும் சரி, கனத்த உடம்புக்காரப் பசங்களுக்குன்னு என்ன இருக்கு? கயிறு இழுக்கறதுல கடைசி ஆளா கட்டி நிறுத்துவாங்க, அதோட சரி. ஓட்டத்துல சேத்துக்க மாட்டாங்க, கபடியில "நீ உக்காரு தம்பி"ன்னுருவாங்க, ஸ்கூல்ல கூப்புடற பட்டப்பேரு வேற. இந்தப் பசங்களுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி ஒரு விளையாட்டு ஸ்காட்லாந்துல இருக்குங்க, ஹைலேண்ட் கேம்ஸ்னு பேரு, அதுல கனமான சாமான எறியற போட்டிகளுக்கு ஹெவி அத்லெடிக்ஸ்னு சொல்றாங்க. நான் செவ்வாப்பேட்டை பக்கம் லேத் பட்டறை வச்சிருக்கேன், எங்க அக்கா பையன் அபர்தீன்ல படிக்கப் போயி அங்க இதுல எறங்கிட்டான், அவன் வீடியோ கால்ல காட்டிக் காட்டி எனக்கும் பைத்தியம் புடிச்சு, இப்போ பட்டறைக்கு வர்ற பசங்க நாலஞ்சு பேரு எங்கிட்ட "அண்ணா எப்படி ஆரம்பிக்கறது"ன்னு கேக்கறாங்க. எல்லாருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா உங்க மூலமா சொல்லிரலாம்னுதான் எழுதறேன்.

பசங்க எல்லாம் ரீல்ஸ்ல பாக்கறது ஒன்னே ஒன்னு, பாவாடை மாதிரி கட்டம் போட்ட கில்ட் கட்டிக்கிட்டு ஒருத்தர் பெரிய மரத்தை தூக்கிட்டு ஓடி தலகீழா கவுத்து விடறது. அதுக்குப் பேரு கேபர். அதப் பாத்துட்டு நேரா மரக்கடைக்குப் போயி ஒரு உருட்டுக்கட்டைய வாங்கிட்டு வந்துருவோமான்னு கேக்கறாங்க. வேணாங்க சாமி. அது கடைசியா வரவேண்டியது. மொதல்ல கல்லு.

கல்லு எறியறதுன்னா நம்ம குண்டு எறிதல்தான், கழுத்தோட ஒட்டி வச்சு தள்ளணும், பந்து மாதிரி வீசக் கூடாது. குண்டு எறிதலும் சங்கிலி குண்டும் இந்த மாதிரி ஊர்த் திருவிழா விளையாட்டுல இருந்து வளந்ததுதான், ஆம்பளைங்க குண்டு 7.26 கிலோன்னு ஒரு அரைகுறை எடையா இருக்கே ஏன்னு யோசிச்சிருக்கீங்களா, அது 16 பவுண்டுங்க, அதான் காரணம். ஹைலேண்ட் போட்டியில ரெண்டு விதம் இருக்கு. ஒன்னுல 16 பவுண்டுல இருந்து 22 பவுண்டு வரைக்கும் கல்லு, ஓடி வந்தோ சுத்தி வந்தோ தள்ளலாம். இன்னொன்னு பிரேமர் ஸ்டோன் (பிரேமர்ங்கறது ஸ்காட்லாந்துல ஒரு ஊரு), அது இன்னும் கனம், நின்ன எடத்துலயே நின்னு தள்ளணும், ஓடி வர்ற வேலையெல்லாம் ஆகாது. புதுசா வர்றவனுக்கு இந்த நின்னு தள்ளற முறைதான் வாத்தியார், ஏன்னா காலும் இடுப்பும் வேலை செய்யலேன்னா கல்லு முன்னாடியே பொத்துனு விழுந்துரும், கை பலத்துல ஏமாத்த முடியாது. கல்லுக்கு எங்கயும் போக வேணாம், நம்ம வீட்டுக் கொல்லையில மிக்ஸி வந்தப்பறம் தூக்கிப் போட்ட ஆட்டுக்கல் குழவி கெடக்கும் பாருங்க, அத எடுத்துட்டுப் போயி பழைய பேப்பர் கடை தராசுல வச்சுப் பாத்துக்கங்க. அஞ்சு கிலோ ஆறு கிலோவுல ஆரம்பிச்சா போதும். குழவி ரொம்ப கனமா இருந்தா பக்கத்து ஸ்கூல் பி.டி. சார்கிட்ட கேட்டா 5 கிலோ குண்டு இருக்கும், பசங்களுக்கு வச்சிருப்பாங்க.

அடுத்தது எடை எறியறது. இரும்புக் குண்டுல ஒரு வளையம் வச்சிருக்கும், ஒத்தக் கையில புடிச்சு ரெண்டு சுத்து சுத்தி தூரமா விடணும். ஆம்பளைங்களுக்கு 28 பவுண்டும் 56 பவுண்டும், பொம்பளைங்களுக்கு 14ம் 28ம். வளையத்தோட சேத்து மொத்த நீளம் 18 இன்ச் தாண்டக் கூடாதுன்னு கணக்கு. இந்த 56 பவுண்டுங்கறது அங்க அந்தக் காலத்துல தானியம், கம்பளி எல்லாம் நிறுக்க வச்சிருந்த படிக்கல்லுதாங்க, 25.4 கிலோ வரும், 1904லயும் 1920லயும் ஒலிம்பிக்ஸ்லயே இந்த 56 பவுண்டு எறிதல் இருந்துச்சு, அப்புறம் எடுத்துட்டாங்க.

இங்கதான் நம்ம சேலத்துக்காரன் பயப்படவே வேணாம்னு சொல்றேன். வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்ல வாங்கினா கூரியர் காசே சொத்த எழுதி வாங்கிரும். நம்மூர்ல பழைய இரும்புக்கடையில எம்.எஸ்.னு சொல்ற மைல்ட் ஸ்டீல் ரவுண்டு ராடு துண்டு கெடைக்கும். 3 இன்ச் ராடுல 7 இன்ச் நீளம் வெட்டினா ஏறக்குறைய 14 பவுண்டு வந்துரும். 4 இன்ச் ராடுல 8 இன்ச் வெட்டினா 28 பவுண்டு. 6 இன்ச் ராடுல 7 இன்ச் வெட்டினா 56. நான் சும்மா அளவு சொல்லல, இரும்பு கணக்கு எனக்கு சோறு போடற கணக்கு. ஓரத்த எல்லாம் லேத்துல புடிச்சு மழுக்கிரணும், இல்லேன்னா கால் மேல விழுந்தா வெட்டிரும். மேல ஒரு கொக்கி, ரெண்டு கண்ணி சங்கிலி, ஒரு வளையம். அந்த வெல்டிங்க மட்டும் நல்ல ஆளுகிட்ட குடுங்க, டீ குடிச்சிட்டே ரெண்டு பொட்டு வச்சுக் குடுக்கற ஆளுகிட்ட குடுக்காதீங்க. சுத்தும்போது விட்டுப்போச்சுன்னா அது யாரு மண்டையில போயி நிக்கும்னு சொல்ல முடியாது.

ஆரம்பத்துல எல்லாருமே, எவ்வளவு பெரிய ஜிம் பாடியா இருந்தாலும், 14 பவுண்டுலயே சுத்திப் பழகணும். லீ பஜார்ல மூட்டை தூக்கற தம்பி ஒருத்தன், நூறு கிலோ அசால்ட்டா முதுகுல ஏத்துவான், அவன் 28 எடுத்து சுத்தினப்ப ரெண்டாவது சுத்துலயே கால் பின்னிக்கிச்சு. 14 குடுத்து மெதுவா சுத்தச் சொன்னா, கொஞ்ச நாள்ல அழகா வந்துருச்சு. இது தூக்கற வித்தை இல்ல, சுத்தற வித்தை.

அதே 56 பவுண்டை ஒத்தக் கையில தலைக்கு மேல உயரமா இருக்கற கம்பிய தாண்டிப் போடறதும் ஒரு போட்டி. காலுக்கு நடுவுல ஊசலாட்டி முதுகுப் பக்கமா மேல விடணும். விட்டதும் அங்கயே அண்ணாந்து பாத்துட்டு நிக்கக் கூடாது, எறிஞ்ச கையோட வெளிய வந்துரணும், மேல போனது கீழ வரும்ல. இதுக்கு கம்பியே வேணாம், ரெண்டு தென்னை மரத்துக்கு நடுவுல கயிறு கட்டினா போதும். இதே மாதிரி உயரத்துக்கு வைக்கோல் அடைச்ச கோணி மூட்டைய முள்ளுக்கம்புல குத்தி மேல வீசற போட்டியும் சில ஊர்ல உண்டு, வைக்கோல் போர் போட்டவங்க வீட்டுப் பசங்களுக்கு அத நான் சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்ல.

சுத்தியல் போட்டிய பத்தி சுருக்கமா சொல்லிடறேன், சொல்லிக்குடுக்க ஆளு இல்லாம அதத் தொடாதீங்க. ஒலிம்பிக்ஸ்ல பாக்கற சங்கிலி குண்டு மாதிரி வளையற கம்பி கெடையாது, வளையாத கம்புல 16 பவுண்டு இல்லேன்னா 22 பவுண்டு குண்டு மாட்டியிருக்கும், கால நகத்தாம மைதானத்துக்கு முதுகு காட்டி நின்னு தலைய சுத்தி சுத்தி தோளுக்கு மேல விடணும். கால் நகராம இருக்க பூட்ஸ் முனையில இரும்புத் தகடு மாட்டி மண்ணுல குத்தி நிப்பாங்க. குண்டு கழண்டா போச்சு.

இப்போ கேபர். அங்க பெரும்பாலும் 16 அடியில இருந்து 20 அடி வரைக்கும் மரம் இருக்கும், பிரேமர் ஊர் கேபர் 19 அடி 9 இன்ச், 132 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 60 கிலோ. ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்து இருக்கும், சிறுத்த பக்கம் கீழ. ரெண்டு பேரு நிமித்திக் குடுப்பாங்க, நாம குந்தி ரெண்டு கையும் கோத்து அடியில குடுத்து தூக்கி, தோள்ல சாச்சு, ஓடி சட்டுனு நின்னு மேல இழுத்து விடணும். பருத்த முனை தரையில குத்தி, சிறுத்த முனை மேல சுத்தி அந்தப் பக்கம் விழணும். நெறைய பேரு இது தூரப் போட்டின்னு நெனச்சிட்டிருக்காங்க, தூரத்துக்கு மார்க்கே கெடையாதுங்க. ஓடின திசையில நேரா விழுந்தா கடிகாரத்துல 12 மணி, அதுதான் முழு மார்க்கு, கொஞ்சம் சாஞ்சா 11, 1ன்னு கொறையும். உள்ளங்கையில வெளக்கமாத்த நிக்க வச்சு ஓடற சமாச்சாரம்தான் இது, கனம் மட்டும் கூட.

கேபருக்கு நம்ம சேர்வராயன் மலைய விட நல்ல எடம் ஏதுங்க? காப்பித் தோட்டம் பூரா நெழலுக்கு சில்வர் ஓக் நேரா நேரா நிக்குது, மெளகு கொடி ஏத்தி விட்டிருப்பாங்க. போயி வெட்டிராதீங்க, அது தோட்டக்காரர் சொத்து, வெட்டறதுக்கும் சட்டதிட்டம் இருக்கு. டிம்பர் டிப்போவுல காஞ்ச சில்வர் ஓக் உருட்டு 12 அடி, நடுவுல அஞ்சு இன்ச் கனம்னு கேட்டா 25 கிலோ சொச்சம் வரும், பழகறதுக்கு அதுவே தாராளம். மொதல்ல தூக்கி நேரா நிக்கறது மட்டும், அப்புறம் நடக்கறது மட்டும், கவுக்கறது அதுக்கப்புறம்தான். மரம் சாயுதுன்னு தெரிஞ்ச அடுத்த செகண்டு கைய விட்டுட்டு ஒதுங்கிரணும், தாங்கிப் புடிக்கப் பாத்தீங்கன்னா தோள்பட்டை போயிரும். சுத்தி நிக்கற வேடிக்கை ஆளுங்கள மரத்தோட நீளத்த விட ரெண்டு மடங்கு தள்ளி நிறுத்துங்க.

எடத்துக்கு மரவள்ளி புடுங்கின காடு சூப்பரா இருக்கும், மண்ணு பொதுபொதுன்னு இருக்கும், குண்டு விழுந்தாலும் யாரும் திட்ட மாட்டாங்க. கிரிக்கெட் ஆடற கிரவுண்டுல போயி குழி பறிச்சா அடிதான் விழும். வெயில் ஏறறதுக்கு முன்னாடி காலைல போயிருங்க, ஒரு தடவைக்கு இருவது இருவத்தஞ்சு எறிக்கு மேல போகாதீங்க, ஜிம்ல ஸ்குவாட்டும் டெட்லிப்டும் மெதுவா ஏத்துங்க. முதுகு வலிய வச்சுக்கிட்டு தைலம் தேச்சுட்டு எறிய வரவே கூடாது. உடுப்புக்கு கவலைப்படாதீங்க, அங்க போட்டின்னா கில்ட் கட்டியே ஆகணும், இங்க டிராக் பேண்ட் போதும். மடிச்சுக் கட்டின வேட்டியோட சுத்தலாமான்னு ஒரு பெரியவர் கேட்டாரு, சுத்தலாங்க, எது எங்க போயி விழும்னு நான் கேரண்டி தர மாட்டேன்.

அக்கா பையன் சொன்னதுல எனக்கு ரொம்பப் புடிச்சது வேற ஒன்னு. அவன் மொத போட்டிக்கு வெறுங்கையோட போயிருக்கான், "மாமா, கில்ட்ல இருந்து கைக்குப் பூசற பிசின் வரைக்கும் எதிர்த்து எறியறவனே குடுக்கறான், நான் தப்பா எறிஞ்சா அவனே வந்து கால எங்க வைக்கணும்னு காட்டறான்"னான். நம்ம ஊர் போட்டியில ஷூ லேஸ் கூட கடன் குடுக்க மாட்டாங்க, சொன்னா சண்டைக்கு வருவீங்க.

இதெல்லாம் வெள்ளக்காரன் விளையாட்டு நமக்கெதுக்குன்னு ஒரு கூட்டம் கெளம்பும். தெக்கத்திப் பக்கம் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கறாங்களே, அது மாதிரி வாலிபத்த சோதிக்கற கல்லு ஸ்காட்லாந்துலயும் ஊர் ஊருக்கு இருந்துச்சு. டொனால்ட் டின்னின்னு ஒருத்தரு 1860ல ரெண்டும் சேந்து 733 பவுண்டு இருக்கற ரெண்டு கல்ல ஒரு பாலத்தக் கடந்து தூக்கிட்டுப் போனதா இன்னிக்கும் கொண்டாடறாங்க, அந்தக் கல்லு ரெண்டும் இன்னமும் அங்கயே இருக்கு. அதுவும் இல்லாம, 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை, ஸ்காட்லாந்துக்காரரு, அவரு காலத்துல வந்த காப்பிய ஏற்காட்டுல இன்னும் குடிச்சிட்டுதான இருக்கோம்.

நான் கேக்கறது பெருசா ஒன்னுமில்லைங்க. கோடை விழாவுல ஒரு நாள் காலையில ஒரு மூலை, நின்னு கல்லு தள்ளறதும், கயித்துக்கு மேல எடை போடறதும், இந்த ரெண்டு மட்டும். ஆம்பளைக்கு ஒன்னு, பொம்பளைக்கு ஒன்னு, புதுசா வர்றவங்களுக்கு எளசா ஒன்னு. கேபர் இப்ப வேணாம், ஆளுங்க பழகட்டும். எடை எல்லாம் நானே அடிச்சுக் குடுக்கறேன், ராடு காசு மட்டும் யாராவது பாத்துக்கிட்டா போதும், கூலி வேணாம். மாவட்ட விளையாட்டு அதிகாரி இதப் படிச்சா ஒரு வார்த்தை உங்க ஆபீசுக்கு சொல்லி விடச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.